சுவிட்ச் பக்கத்தில் ஓர் ஆள்

லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். குடியிருப்பில் எல்லோருக்கும் லிஃப்ட்டுக்காரர். மனைவி காலமான பிறகு அவருக்குப் பேச்சுத்துணை என்று மிச்சமிருந்தது, உரிமம் வாங்கி வைத்திருந்த, கேட்கவும் பேசவும் முடிகிற ஓர் அமெச்சூர் ரேடியோதான். சாயங்காலமானால் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் படகு மெக்கானிக் ஒருவரோடு அரட்டை. முகம் பார்த்ததில்லை. ஆனாலும் இவர் இங்கே தும்மினால் அவர் அங்கிருந்து மருந்து சொல்வார்.

அந்த அரட்டைக்குத்தான் வந்தது கேடு. இவர் குரலை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போவது வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர். போன வாரம் அது படீரென்று சத்தம் போட்டு ஃபியூஸைத் தின்றது. வேறு ஃபியூஸ் போட்டார், அதையும் தின்றது. நண்பர் கூப்பிடுவது மட்டும் கணீரென்று கேட்டது. "இருக்கீங்களா? சத்தமே இல்லையே!" என்று தினமும் அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்த, இவர் இங்கே "இருக்கேன்யா, இருக்கேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம்தான், வேறென்ன சொல்ல?

பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். உள்ளே ஓடுவது இரண்டாயிரம் வோல்ட், ஐயா! அதைத் திறந்தால் மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். அதில் அவர் கறார். முன்பெல்லாம் மனைவிதான் நிற்பாள். "நான் ஒருத்தி இல்லேன்னா உங்க கதி என்ன?" என்பாள். கதி இதுதான்: யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

வெட்கத்தை விட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டியதோடு சரி.

"நான் என்னண்ணே செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம் தம்பி. நடுவுல கரண்டைப் போட்டுப் பார்ப்பேன், அப்போ நான் விறைச்சு நின்னா சுவிட்சை அணைச்சிடுங்க. என்னைத் தொட்டுடாதீங்க."

"நல்ல வேலைக்குத்தான் கூப்பிட்டீங்க, போங்க!"

சொன்னாரே தவிர, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனது, அவள் அறையில் விளக்குப் போடவே மனசு வராதது, எல்லாவற்றையும் கொட்டினார். லிஃப்ட்டுக்காரர் 'ம்' கொட்டிக்கொண்டே, சுவிட்சை அணைத்து, மரப்பிடி போட்ட கம்பியால் பெட்டிக்குள் மிச்சமிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, டார்ச் அடித்துத் தேடினார்.

வால்வுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்க்ரூ. எங்கிருந்தோ கழன்று விழுந்து மின்சாரத்தைப் போகக்கூடாத இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தது. அட, இவ்வளவுதானா! இடுக்கியால் எடுத்தார். இனி ஒரு ஃபியூஸ் போட்டால் போதும், இன்றைக்கே நண்பருக்குப் பதில் சொல்லிவிடலாம்.

"கிடைச்சுதாண்ணே?" தையல்காரர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

லிஃப்ட்டுக்காரர் ஸ்க்ரூவை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"எங்கே தம்பி! இது லேசுல பிடிபடாது போலிருக்கு. நாளைக்கும் நீங்க கொஞ்சம் வர வேண்டியிருக்கும். உட்காருங்க, மகளைப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டிருந்தீங்களே..."