அணைந்த நீல ஒளி

ரூபி ஆய்வகத்தில் செய்த நானோ துகள்கள், புற ஊதா விளக்கின் கீழ் நல்ல தண்ணீரில் நீலமாக ஒளிரும். தோல் பதனிடும் ஷாப்புகளில் சேர்க்கும் குரோமியம் கலந்திருந்தால் ஒளி அணைந்துவிடும். 2008இல் தன் ஊரான திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகளைச் சுற்றி அவள் எடுத்துவந்த கிணற்றுத் தண்ணீரிலெல்லாம் அணைந்தது. பேராசிரியர் கைதட்டினார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

தோல் ஷாப்பில் உழைத்துப் படுக்கையில் விழுந்த அப்பாவுக்கு அம்மா தினமும் ஊட்டியது, ஈஸ்டருக்கு மாதா கோயில் கிணற்றில் எடுத்துச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். ரூபி அதையும் சோதித்தாள். அதிலும் அணைந்தது.

அம்மாவுக்குத் தெரியாமல் அதைக் கொட்டிவிட்டு, அந்தப் பாட்டிலில் கேன் தண்ணீரை நிரப்பி வைத்தாள்.

அம்மா சிலுவை போட்டு ஒரு கரண்டி ஊட்டினாள். அப்பா விழுங்கிவிட்டு ரூபியைப் பார்த்தார்.

"உப்புக் கரிக்கலையே. இது நம்ம தண்ணி இல்லையேம்மா."