விக்கலை நிறுத்திய பிரெஞ்சு ராஜா

கல்யாணமான புதிதில் ராயபுரத்தில் குடியிருந்தோம். எனக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. லீவு நாள் வந்தால் துறைமுகத்துப் பக்கமிருந்த காயலான் கடைக்குப் போய்விடுவேன். உருக்குவதற்காக அங்கே பழைய செம்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கையை விட்டுத் துழாவினால் டச்சுக்காரன் துட்டோ இங்கிலீஷ்காரன் துட்டோ அகப்படும். “இத்த வச்சிகினு இன்னா நைனா பண்ணப் போற?” என்பார் கடைக்காரர். மனைவியும் அதையேதான் கேட்டாள், கொஞ்சம் நல்ல தமிழில்.

என்னிடம் இருந்ததில் உசத்தி, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு பிரெஞ்சு செப்புக்காசு. முந்நூறு வருஷப் பழசு. ஒரு பக்கம் தலையில் இலைமாலை சூடிய ராஜா, மறுபக்கம் மூன்று லில்லிப் பூ.

அந்தப் பூவால் வந்தது வினை. பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், மலை மாதிரி ஆள். அவருக்கு விக்கல் பிடித்து நிற்கவே இல்லை. தண்ணீர், சர்க்கரை எதற்கும் மசியவில்லை. அவர் சம்சாரம் எங்கள் வீட்டில் வந்து புலம்ப, என் மனைவி ஆறுதலுக்கு பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து காசுகளைக் காட்டியிருக்கிறாள்.

“ஐய, இது சூசையப்பரு! மாதா கோயில்ல அவர் கையில கீற அதே பூவு!” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, காசை வாங்கிப் போய்விட்டாராம் அந்த அம்மாள்.

சாயங்காலம் வந்து விஷயம் கேட்டதும் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த மலை மனுஷர் முக்காலியில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தார். மார்பில் கறுப்புக் கயிறு. கயிற்றில் என் ராஜா. காது இருந்த இடத்தில் ஆணியடித்த ஓட்டை.

“ஐயையோ!” என்று நான் போட்ட சத்தத்தில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விக்கல் நின்றுவிட்டது.

“நின்னுபோச்சு! சூசையப்பரே!” என்று கும்பிட்டார் அந்த அம்மாள்.

“அம்மா, அது பிரான்ஸ் தேசத்து ராஜா. நான் கத்தினதுல…”

“ராஜாவோ யாரோ, நல்ல மனுசன் அண்ணே.”

காசை அவர் கழுத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் பல்வலிக்கு, பிரசவத்துக்கு, காணாமல்போன ஆட்டுக்கு என்று ராஜா தெரு முழுக்கப் போய்வந்தார். ஆடு கிடைத்தது.

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கப்பலில் வேலை செய்யும் தோஸ்திடம் சொல்லிவைத்து, எனக்காக ஒரு காசு வாங்கி வந்திருந்தார். டென்மார்க் ராஜாவின் முத்திரை எழுத்து, மேலே கிரீடம். எத்தனையோ மூட்டைகளில் தேடியும் எனக்குக் கிடைக்காதது.

“உனக்கு இன்னாத்துக்கு சிரமம்னு நானே ஓட்டை போட்டு, கவுறும் கோத்துட்டேன்” என்றார்.

கிரீடத்தின் நட்டநடுவில் ஓட்டை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் எழுந்து, பாசமாக அதை என் கழுத்தில் கட்டிவிட்டார். “ரொம்ப சந்தோஷம்” என்றேன். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை டென்மார்க் ராஜாவோடு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.