ஆயுத பூஜைக்குத் துடைத்த ரிசீவர்

சர்க்கரை நோயில் பார்வை போன என் கணவருக்கு, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த வீட்டு ரிசீவரில் கேட்கும் பாட்டுதான் பொழுதுபோக்கே. ஆயுத பூஜைக்காக ஸ்பீக்கர் வயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, மறுபடி மாட்டினேன். போட்டதும் ‘டக்’கென்று அணைந்தது.

“இன்னொருக்கா போட்டுப் பாரு” என்றார். போட்டேன், அணைந்தது. பிடிவாதமாகப் போட்டுக்கொண்டே இருந்தேன், கருகிய வாடை வரும்வரை.

பின்பக்கம் பார்த்தால், ஒரு வயரில் பிரிந்திருந்த செம்பு இழை பக்கத்து வயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான், கருகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தானாக அணைந்திருக்கிறது, பாவம். விளாங்குடி ரிப்பேர் கடையில், “உள்ள போர்டு கருகிப்போச்சு, இதுக்கு போர்டு இப்ப வாரதே இல்லக்கா” என்று கைவிரித்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் எது தானாக அணைந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் வயரைத்தான் பார்க்கிறேன். பார்த்து என்ன? சாயங்காலமானால் அவர் ரிசீவர் இருக்கும் மூலைப் பக்கம் முகத்தைத் திருப்பி, “இன்னொருக்கா போட்டுப் பாரேன்” என்கிறார்.