வேட்டிக்குப் பின்னால் ஒரு ஃப்ளாஷ்

தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் படிக்கட்டு வீடுகளுக்கு மொத்தம் ஒரு டெலிஃபோன், ஒரு நல்ல கேமரா. இரண்டும் என் வீட்டில் இருந்ததால் எனக்குக் கிடைத்த மரியாதை, என் பதவிக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், சாந்தினி சௌக் பக்கத்துச் சந்து ஒன்றில் இரண்டாவது ஃப்ளாஷ் ஒன்றும், அதன் அடியில் மாட்டுகிற ‘ஸ்லேவ்’ என்ற சின்னக் கண்ணாடிக் கண் ஒன்றும் வாங்கினேன். வயர் கிடையாது. கேமரா மேலிருக்கும் ஃப்ளாஷ் மின்னுவதை இந்தக் கண் பார்த்துவிட்டால், அறையின் எந்த மூலையில் இருந்தாலும் இதுவும் அதே கணம் மின்னும். மேலே ஒருத்தர் கண் சிமிட்டினால், ஏன் எதற்கென்று கேட்காமல் கீழே ஒருத்தர் எரிவது. மத்திய அரசு ஊழியனுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதுவரை என் படங்களில் எல்லாரும் போலீஸ் பிடித்துவந்தவர்கள் மாதிரி விழுந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஃப்ளாஷைப் பக்கவாட்டில் ஸ்டூல் மேல் வைத்து, அதன் முன்னால் கொடி கட்டி என் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன். வேட்டி வழியே வந்த வெளிச்சம் முகத்தில் பாலாடை மாதிரி படிந்தது. எங்கள் செக்‌ஷன் ஆபீசரையே அது ஒரு முறை தியாகியாகக் காட்டியிருக்கிறது.

மாடி வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட மூத்தவர். இருந்தாலும் ஃபோனை உத்தேசித்து என்னை ‘அண்ணாச்சி’ என்பார். தில்லியில் வளர்ந்த பெண்ணுக்கு வரன் ஊரில்தான் பார்க்க வேண்டும். முதலில் தபாலில் போவது போட்டோ. மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

“அண்ணாச்சி, பிள்ளை கொஞ்சம் பளிச்சுன்னு விழணும், என்ன?”

நிறம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன். அதில்தான் என் சாமர்த்தியம் எல்லாம். அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் அகன்ற தாடை, மேலுதட்டுக்கு மேலே ஓர் அம்மைத் தழும்பு. நான் ஸ்டூலை ஓரடி முன்னால் இழுத்தேன்; வெளிச்சம் கூட விழட்டும் என்று லென்ஸை ஒரு பிடி அதிகம் திறந்தேன். நடுவில் வேட்டி கழன்று விழுந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்காதே என்று சொன்னதும் நான்தான்.

பிரிண்ட் வந்தது. தாடையில் பாதியை நிழல் தின்றிருந்தது. தழும்பைக் காணோம். எங்கள் படிக்கட்டில் யாருக்கும் இல்லாத ஒரு நிறம். அப்பா பூரித்துப்போனார். அவள் படத்தைத் தூக்கிப் பார்த்து, “அங்கிள், யே கௌன் ஹை?” என்றாள். யார் இவள் என்று கேட்டதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும், “பொய் சொல்ல வாய்கூட வேண்டாம் போல,” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

முதலில் மதுரையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கலைஞன் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி. பையனின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தார். டியூப் லைட்டுக்குக் கீழே கேசரித் தட்டோடு நின்றவளைப் பார்த்தார். பிறகு, உள்ளேயிருந்து இன்னொருத்தி வருவாள் என்பது போல அறைக் கதவைப் பார்த்தார். நான் என் கேசரித் தட்டைக் குனிந்து பார்த்தேன். ஊருக்குப் போய் ஃபோன் செய்வதாகச் சொன்னார்கள். ஃபோன் என்னுடையது. அது அடிக்கவில்லை என்பது மாடிக்குத் தெரியும் முன்னே எனக்குத் தெரியும். அடுத்து வந்தவர்களும் அப்படியே கதவைப் பார்த்தார்கள். என் வேட்டியோடு போட்டி போட்டு அந்தப் பெண் தோற்றுக்கொண்டிருந்தாள்.

இன்னும் பத்து காப்பி வேண்டும் என்றார் அப்பா. நெகடிவ் மேல் கூலர் தண்ணீர் கொட்டிக் கெட்டுவிட்டது என்று சொன்னேன். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் நல்லது செய்யப் புறப்பட்டால் இப்படித்தான்.

“அதுக்கென்ன அண்ணாச்சி. கரோல் பாக்ல போட்டோவையே போட்டோ எடுத்துக் காப்பி போட்டுத் தாரான்.”

காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க முகம் இன்னும் வெளுத்தது. மூக்கு இரண்டு புள்ளியாக மிஞ்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் இறங்கி வந்தாள். “அடுத்த காப்பியில நான் காயப் ஆயிடுவேன் அங்கிள், காணாமயே போயிடுவேன். எனக்கு ஒரு சிம்பிள் போட்டோ எடுங்க. உங்க வேட்டி வேணாம்.”

பால்கனியில் உட்கார வைத்தேன். கை பழக்கத்தில் ஃப்ளாஷை எடுத்தது. அவள் அதை வாங்கித் தன் மடியில், புடவைத் தலைப்புக்கடியில் வைத்துக்கொண்டு, “இப்போ எடுங்க,” என்று சிரித்தாள். நிறம், தாடை, தழும்பு எல்லாம் விழுந்தன. தபாலில் சேர்க்கச் சொல்லி அப்பா கொடுத்த அடுத்த கவரில், பழைய படத்தோடு இதையும் அவளே சொருகிவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஃபோன். கோவில்பட்டியிலிருந்து, பையனின் அப்பா.

“மாடியில கூப்பிடட்டுமா?” என்றேன்.

“இருங்க, அதுக்கு முந்தி ஒரு விசயம். ரெண்டு பிள்ளைக போட்டோ வந்திருக்கு. எந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்காக?”

பெண்ணின் அப்பாவையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் எந்தப் படத்தைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

“சிரிக்கிற பிள்ளைக்கு.”

“அப்ப மத்தது? அக்காளா?”

“அதுவும் அவதாங்க. நான் எடுத்தது.”

எஸ்.டி.டி. காசு ஓட ஓட, அவர் படங்களைப் புரட்டுவது கேட்டது.

“அதுல பிள்ளைக்கு என்ன செஞ்சுது? மேலுக்குச் சரியில்லையோ?”

“வெளிச்சம் கூடிப்போச்சுங்க.”

“சரி, அவரைக் கூப்பிட்டு வைங்க. பத்து நிமிசத்துல திரும்பப் போடுதேன்.”

மாடியேறினேன். கதவைத் திறந்தது அவள். கோவில்பட்டி என்றதும் என் முகத்தைப் பார்த்தாள்.

“எந்த போட்டோன்னு கேட்டாங்களா?”

“கேட்டார். சிரிக்கிறவதான்னு சொல்லிட்டேன்.”

“அச்சா,” என்றாள். “அதை அப்பாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க அங்கிள்.”

அவள் அப்பா என் வீட்டு மூங்கில் மோடாவில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். இரண்டாவது படத்தை, கோவில்பட்டியில் சொன்ன பதிலை, ஸ்டூலை முன்னால் இழுத்ததை.

“பளிச்சுன்னு கேட்டது நான்லா,” என்றார் மெதுவாக. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. “அப்ப அந்த நெகடிவ்?”

“இருக்கு.”

ஃபோன் அடித்தது. அவரே எடுத்தார். பேசி முடித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “வாறேன் சார்,” என்றார். அண்ணாச்சி இல்லை.

அடுத்த மாதம் கோவில்பட்டிக்காரர்கள் வந்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை. மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தத்தை எங்கள் சமையலறையிலிருந்து கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிப்பது கேட்டது. என்னைச் சொல்லித்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பொருத்தமாக இருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்து ஃபோன் செய்தார்கள். நானே எடுத்தேன், நானே மாடியேறிக் கூப்பிட்டேன். பேசிவிட்டு ரிசீவரை வைத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முடிஞ்சிருச்சு. தை மாசம் கல்யாணம்,” என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, “ரொம்ப நன்றி சார்,” என்றார்.