ஐநூறு யூனிட்டும் ஒரு பழைய பேட்டரியும்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. காலை மணி ஏழு. எங்கள் வீட்டு மீட்டரில் அன்றைய எண்ணைப் பார்த்து, போன கணக்கெடுப்பின் எண்ணைக் கழித்தேன். 475 யூனிட்.

அன்றைக்கு அறுபதாவது நாள். கணக்கெடுப்பவர் வரவேண்டிய நாள். அவர் வந்து கார்டில் எழுதிவிட்டால் தப்பித்தோம்.

எதிலிருந்து? வீட்டில் மீட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஐநூறு யூனிட் வரை ஒரு ரேட். ஐநூற்று ஒன்று ஆகிவிட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் அல்ல… கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்தே ரேட் ஏறிவிடும். பென்ஷன்காரன் எப்படித் தூங்குவான்?

கையில் இருபத்தைந்து யூனிட் மிச்சம். நிம்மதியாக ஷேவ் செய்துகொண்டேன்.

பத்து மணிக்குக் கணக்கெடுக்கும் கோவிந்தன் போன் செய்தார்.

“சார், இன்னிக்கி வர முடியாது சார். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்குது. பஸ்ஸு ஒண்ணும் வுடல. கச்சிராயபாளையத்துலயே மாட்டிக்கினு நிக்கிறேன்.”

“நாளைக்கு?”

“அத மறியல் பண்றவங்களத்தான் கேக்கணும். வெள்ளிக்கெழமைன்னு வச்சிக்கோங்க சார்.”

போராட்டம் சரியா, தவறா என்று இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பக்கத்துக்கும் ஆள் இருக்கிறார்கள். எல்லோர் முகத்திலும் நாளைக்கு நான் விழிக்க வேண்டும். என் கவலை வேறு. ஒரு நாளைக்கு எட்டு யூனிட். நான்கு நாளைக்கு முப்பத்திரண்டு. 475-உடன் கூட்டினால் 507!

எதை நிறுத்தலாம்? டியூப்லைட்டையெல்லாம் எல்இடியாக மாற்றி ஒரு வருஷம் ஆயிற்று. டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது என்று பிளக்கையே பிடுங்கி வைக்கிறேன். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் என் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று முடிவு செய்தேன் — கிரைண்டர்.

கிரைண்டர் என் மனைவி சரோஜாவுடையது. இட்லி மாவு அரைத்து விற்கிறாள். ஆரம்பித்து எட்டு மாதம். பதினொரு வீடு வாடிக்கை. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில், அவள் கையில் அவளே சம்பாதித்த காசு இப்போதுதான் புழங்குகிறது. தீபாவளிக்கு எனக்கு ஒரு சட்டை எடுத்துத் தந்தாள். விலை கேட்டேன். கடைசி வரை சொல்லவில்லை.

நான் கிரைண்டரை நிறுத்தச் சொன்ன நேரம் பாருங்கள்… மறியலில் பாக்கெட் மாவு வேன் ஊருக்குள் வரவில்லை. எதிர்வீட்டு மல்லிகா வாளியோடு வந்து நின்றாள்.

“யக்கா, கடையில மாவே இல்லக்கா. எங்க வூட்டுக்கு ஒரு கிலோ, எங்க நாத்தனா வூட்டுக்கு ஒரு கிலோ.”

அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு வீடு பத்தொன்பது வீடாகிவிட்டது. நான் சொன்னேன்: “நாலு நாள் நிறுத்திவை. கோவிந்தன் வந்து எழுதிட்டுப் போகட்டும்.”

“நாலு நாளு இல்லன்னு சொன்னா அஞ்சாம் நாளு எவ வருவா? புதுசா வந்த எட்டும் போவும், பழசு பதினொண்ணும் போவும்.”

“யூனிட் ஏறுதே சரோஜா!”

“கிரைண்டரு எவ்ளோ இழுக்குது? சொல்லுங்க.”

“நாலு யூனிட் இருக்கும்.”

“இருக்குமா? பால்காரர் ஊத்தற பால்ல நுரைய எண்றீங்க. இத எண்ணிட்டு வந்து அப்புறம் பேசுங்க.”

அவள் சொன்னதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை மீட்டர் 483. பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு, கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகச் சிமிட்டும். 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். மீட்டர் மேலேயே அச்சடித்திருக்கிறது.

சரோஜா ஃபிரிட்ஜிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தாள்.

“எல்லாம் நிறுத்தியாச்சா?”

“ஆச்சிங்க.”

விளக்கு சிமிட்டியது. நிமிஷத்துக்கு ஆறு.

“நிறுத்தலியே!”

“இன்னாங்க, வூடே இருட்டா கீது, நிறுத்தலியேன்றீங்க!”

சரி, கிரைண்டரைப் போடு என்றேன். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. ஆறைக் கழித்தால் கிரைண்டரின் பங்கு பதினாறு. எவ்வளவு அரைத்தாலும் ஒரு நாளைக்கு நூறு நிமிஷத்துக்கு மேல் அது ஓடாது. ஆயிரத்து அறுநூறு சிமிட்டல். அரை யூனிட்!

எல்லாம் அணைந்த பிறகும் சிமிட்டுகிற அந்த ஆறு? ஒரு நாளைக்கு எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. யார் அது?

சரோஜா வீட்டுக்குள் போனாள். என் அறையில், என் கட்டிலுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள்.

“இங்க வாங்க. உங்க ஆளு முனகிக்கினு கீது.”

இன்வெர்ட்டர். ஊரெல்லாம் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் அடம்பிடித்து வாங்கியது. பவர்கட் போய்ப் பல வருஷம் ஆயிற்று. என் பயம் போகவில்லை. பேட்டரி கிழடாகி, எவ்வளவு ஏற்றினாலும் நிறையாமல், ராத்திரி பகலாகக் கரண்ட்டைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் மேல் என் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சிக்கனம் பேசுகிற எனக்கு மற்றவர்கள் போடுகிற சுவிட்ச் எல்லாம் தெரிந்தது… இது மட்டும் தெரியவில்லை.

சரோஜா துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். போய் அரிசியை அள்ளிப் போட்டாள்.

புதன்கிழமை காலை 488. ஐந்தே யூனிட்! இதே வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை 498. கோவிந்தன் எழுதலாம், நான் தூங்கலாம். இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன் மதியம் டிவியில் மறியல் காட்டினார்கள். எனக்கு ஒரு யோசனை. கம்பத்தில் ஏதாவது பழுதாகி, சரிசெய்ய ஆள் வர வழியில்லாமல், ஊரே இருண்டுவிட்டால்? சரோஜா பின்பக்கம் உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் போய் பிளக்கைச் சொருகினேன். ஒரு நாள் மட்டும்தானே…

ஒரு நாள் பட்டினி கிடந்த பேட்டரி. வட்டியோடு குடித்தது.

நான் தினமும் மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறிப்பவன். வியாழக்கிழமை குறித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் சரோஜா நிற்கிறாள்.

“நேத்து அஞ்சி. இன்னிக்கி ஒம்போது. நான் அரைச்சது அதே நாலு ஈடுதான். இன்னாங்க கணக்கு?”

பிளக்கைப் பிடுங்கினேன். எண்களைக் கற்றுக்கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது பாருங்கள்… கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மறியல் ஓய்ந்தது. காலையில் கோவிந்தன் வந்தார். வாசலில் மாவுக்கு நாலு பேர் நின்றிருந்தார்கள். மீட்டரைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஐநூத்தி ரெண்டு சார். ரெண்டே யூனிட்டு! அம்மா மாவு அரைக்கிறதால ஏறிப்போச்சா?”

சரோஜா தராசைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற நாலு பேரும் பார்த்தார்கள். ஆமாம் என்று நான் தலையாட்டியிருந்தால், கிரைண்டர் அன்றோடு குற்றவாளிதான். தெருவும் நம்பியிருக்கும்.

“இல்ல கோவிந்தன். மாவு அரை யூனிட்தான். நான் பயந்துகிட்டு இன்வெர்ட்டரைப் போட்டேன். அதுதான்.”

மல்லிகாவால் சும்மா இருக்க முடியவில்லை. “சார் பயந்தாகூடமா கரண்ட் பில்லு ஏறும்!”

எல்லோரும் சிரித்தார்கள். சரோஜா சிரித்ததுதான் சத்தமாகக் கேட்டது. மல்லிகாவுக்கு ஒரு கரண்டி கூடவே போட்டாள். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பழைய சாமான் எடுப்பவருக்குப் போட்டோம். அந்தக் காசோடு தன் காசையும் சேர்த்து, சரோஜா இரண்டாவது கிரைண்டர் வாங்கிவிட்டாள். புதிதாக வந்த எட்டு வீட்டில் ஆறு வீடு தங்கிவிட்டது. இரண்டு கிரைண்டர் ஓடியும் நாளைக்கு ஐந்தரை யூனிட்தான். அறுபது நாளைக்கு முந்நூற்று முப்பது. மறியல் ஒரு மாதம் நடந்தாலும் ஐநூறைத் தொடாது!

நீங்களும் ஒரு காலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டருக்கு எதிரே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வீட்டில் யார் முனகுகிறார் என்று தெரியும்.

கரண்ட் போனால் என்ன செய்வேன் என்கிறீர்களா? மெழுகுவத்தி வாங்கி வைத்திருக்கிறேன் — ஒரு டஜன்.