எண்ணெய்த் தலையும் மூளைக் கோடும்

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூட்டை தூக்கிப் பிழைத்து, இன்று உத்திரமேரூரில் சொந்த எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். பக்கத்துக் காவாந்தண்டலத்து எள்ளெல்லாம் என் மில்லுக்குத்தான் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, நிலவரம் அது.

என் பேத்தி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆஸ்பத்திரியில் காது நன்றாக இருக்கிறது என்றார்கள். என் மருமகளுக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்தச் சமயத்தில் குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் எங்கள் அங்கன்வாடிக்கு வந்தார்கள். கம்பி வைத்த குல்லாவைத் தலையில் மாட்டி, சத்தம் கேட்கும்போது மூளையில் ஓடும் அலையைக் கம்ப்யூட்டரில் கோடாகப் பிடிப்பார்களாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. மருமகள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

தலையில் எண்ணெய் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். எண்ணெய் மில்காரன் பேத்தி வறட்டுத் தலையோடு நாலு பேர் முன்னால் போவதா? மருமகள் புடவை மாற்றப் போன நேரத்தில், அன்று ஆட்டிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்து வழிய வழியத் தேய்த்தேன். வெயிலுக்குத் துணித்தொப்பி போட்டுத் தூக்கிக்கொண்டேன்.

அங்கன்வாடியில் தொப்பியைக் கழற்றியதும் ஆராய்ச்சிக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது. குல்லாவை மாட்டிப் பார்த்தார். ஒரு கோடும் ஒழுங்காக விழவில்லை. மதியத்தோடு கிளம்புகிறார்களாம். மருமகள் கண் கலங்கிவிட்டது.

“யாரு மாமா எண்ண வச்சது?”

“நான்தாம்மா. நம்ம மில்லு எண்ண. கலப்படமே இல்லாதது.”

“அதான் மாமா போவவே மாட்டேங்குது.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். கால்களை நீட்டி, அவற்றின்மேல் பேத்தியைப் படுக்க வைத்தேன். எங்கள் பக்கம் இது பெண்கள் வேலை. என் பிள்ளைகளுக்குக்கூட நான் செய்ததில்லை. மூன்று பாக்கெட் ஷாம்பு போனபிறகுதான் பிசுக்கு விட்டது.

“மொதலாளி நல்லாத்தான் தலைக்கு ஊத்துறாரு,” என்றாள் அங்கன்வாடியில் சமைக்கிற அம்மா. “நாளிக்கு எங்க வூட்டாண்டயும் ஒரு கொயந்த கீது.”

தலையைத் துவட்டியதும் குல்லா கச்சிதமாகப் பிடித்தது. முடிவை இன்றைக்கே சொல்வார்களா என்று மருமகள் கேட்டாள். ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது, பல குழந்தைகளைச் சேர்த்துத்தான் பார்ப்போம் என்றார் அந்த அம்மா. மருமகளுக்கு முகம் விழுந்துவிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து சத்தம் வர வர, திரையில் கோடுகள் ஓடின. யாரும் வாய் திறக்கக் கூடாதாம்.

மருமகளின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? என்னால் முடியவில்லை.

“கண்ணு, தாத்தா இங்க கீறேன் பாரு.”

பேத்தி குல்லாவோடு முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். திரையில் கோடெல்லாம் தாறுமாறாகக் குதித்தது. தலை அசைந்ததில் அந்த இடம் கெட்டுவிட்டது என்று ஆராய்ச்சிக்கார அம்மா கடிந்துகொண்டார்.

“கெட்டா கெட்டுப் போவட்டும்க்கா,” என்றாள் மருமகள். “திரும்புனாளே, பாத்தீங்களா? மாமா, இன்னொரு வாட்டி கூப்புடுங்க.”

கூப்பிட்டேன். மில் இரைச்சலில் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் என்னுடையது. திரும்பினாள்.