கழுத்துப் படம் பார்த்தவர்

என் கணவரின் கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்த அன்று, கணினித் திரைக்கு முன்னால் இருந்தவர் அவர். டொக்டர் அல்ல, படம் எடுக்கும் கருவியை இயக்குகிறவர். மெலிந்து நரைத்த மனிதர். எதைக் கேட்டாலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்ட பிறகுதான் பதில் சொல்லுவார்.

கணவர் மீன்பிடி வள்ளத்தில் வழுக்கி விழுந்ததில் கழுத்து முள்ளெலும்பு உடைந்திருந்தது. அதில் ஆணி பூட்ட வேண்டும். ஆணி கொஞ்சம் விலகினாலும் கைகால் வழங்காமல் போகலாம் என்றும், அது போகும் பாதையைத் திரை காட்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மத்தியானம் முடியவேண்டியது பின்னேரம்தான் முடிந்தது. இடையில் நிறுத்தச் சொன்னவர் இவர்தான் என்று தாதி சொன்னாள். அவர் வெளியே வந்ததும் மறித்துக் கேட்டேன்.

“ஏன் ஐயா நிப்பாட்டச் சொன்னனீங்கள்?”

கண்ணாடியைத் துடைத்தார்.

“திரை காட்டுற இடமும் எலும்பும் ஒரு நூல் விலகின மாதிரிக் கிடந்தது, பிள்ளை. திரும்பப் படம் எடுக்கச் சொன்னனான்.”

“விலகித்தான் இருந்ததோ?”

“இல்லை. முதலே சரியாத்தான் இருந்திருக்கு.”

“அப்ப அவ்வளவு நேரமும் அவரைச் சும்மா மயக்கத்திலை வைச்சிருந்தனீங்களோ?”

“ஓம். நாளைக்கு வேறை ஆளின்ரை படத்திலை எனக்கு இப்பிடி ஒரு சின்ன ஐமிச்சம் வந்தாலும் நிப்பாட்டத்தான் சொல்லுவன்.”

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

கணவர் இப்போது கடலுக்குப் போகிறார். கிழிந்த வலையை அவர் விரல்கள் பின்னிப் பொத்துவதைப் பார்க்கையில் அந்த மனிதர் நினைவுக்கு வருவார். இல்லாத பிழையைத் தேடிய ஒருவருக்கு எதற்கென்று நன்றி சொல்வது? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் சொல்லாமல் வந்தது மனதை உறுத்துகிறது.